யார் கட்டிய குச்சு

எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் பள்ளிக்கூடக் கமிட்டியில் அடிபட்டது என்று ஊரில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். பேசுகிற எவரும் அன்று அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பதில் இனிமேல் யாருக்கும் குறையில்லை.

என் தங்கை செங்கமலத்தின் மகள் சொர்ணவல்லி புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் தங்கி நாலாவது பாரம் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அங்கே சேர்த்தது அவள் தகப்பனார். சேர்த்த மறுவருஷம் அவர் காலமாகிவிட்டார். தங்கை என் வீட்டுக்கே வந்துவிட்டாள். செத்தவர் செய்து வைத்த ஏற்பாட்டில் கை வைக்கக் கூடாது என்று நான் பிள்ளையை அங்கேயே விட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் கார்டியன் என்ற இடத்தில் அழகுமலை அம்பலம் என்று என் பெயர் ஏறியிருந்தது.

1943-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில் தலைமையாசிரியை பிரகதாம்பாள் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் மருமகள் எழுதிய ஒரு கதையைப் பற்றிப் புகார் வந்து கமிட்டி கூடுகிறது. இரண்டு குடும்பத்தார் தங்கள் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் விஷயம் முடியும்.’

கடிதத்தைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

“கதை எழுதவா அனுப்புனோம்? கையோட கூட்டிக்கிட்டு வந்துருங்கண்ணே” என்றாள்.

அந்த எண்ணத்தோடுதான் நானும் கிளம்பினேன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் கீரனூரில் ஏறினேன். வழியில் இரண்டு தடவை நிறுத்தி அடுப்பைக் கிளறினார்கள். மடித்துப் போட்டிருந்த வெள்ளைத் துண்டில் கரித்தூள் படிந்துவிட்டது. உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன்.

பிரகதாம்பாள் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நூலால் தைத்த ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது எங்க பிள்ளைங்க நடத்துற கையெழுத்துப் பத்திரிகைங்க. பேரு ‘கிணற்றடி’. பேப்பர் கெடைக்காத காலம் பாருங்க, பழைய பரீட்சைத் தாளோட பின்பக்கத்துல எழுதித் தச்சிருக்காங்க. ஒங்க பிள்ளை இதுல ஒரு தொடர்கதை எழுதுது. மூணு அத்தியாயம் வந்திருக்கு. பொங்கல் லீவுல ஒரு பிள்ளை ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அவ அப்பா படிச்சாரு. அங்கிட்டுத்தான் ஆரம்பிச்சுச்சு. கமிட்டி பதினோரு மணிக்கு. முதல்ல நீங்க படிச்சிருங்க.”

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். 

முதல் அத்தியாயத்தில் பொன்னி என்ற பதினோரு வயதுப் பெண் போர்டிங்குக்கு வருகிறாள். அவளைக் கொண்டுவந்து விடுகிறவர் அவள் மாமா. ‘வண்டியிலிருந்து முதலில் மாமாவின் மீசை இறங்கியது. அதற்குப் பின்னால் மாமா இறங்கினார். தான் சிரித்தால் வீட்டுக் கூரை விழுந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தது. நான் பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாவது அத்தியாயத்தில் பொன்னியின் அறைத்தோழி வருகிறாள். கடற்கரை ஊர்ப் பெண். சோப்புப் பெட்டியில் நெத்திலிக் கருவாட்டை ஒளித்து வைத்திருக்கிறாள். சோப்பு எங்கே என்று கேட்ட டீச்சரிடம், “கரைஞ்சு போச்சுங்க டீச்சர்” என்கிறாள். டீச்சர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அன்று முதல் அவளுக்கு ‘நெத்திலி’ என்றே பெயர். பொன்னி வீட்டை நினைத்து அழுகிற போதெல்லாம் நெத்திலி பக்கத்தில் உட்கார்ந்து அவளைவிடச் சத்தமாக அழுவாள். யார் அழுகை பெரிது என்று போட்டி வந்து இருவரும் சிரித்துவிடுவார்கள். இவ்வளவில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது அத்தியாயம்தான் புகாருக்கு இடமானது. ஐப்பசி லீவில் கண்மாய்கள் உடைந்து பாதை அறுந்துபோகிறது. ஊருக்குப் போக முடியாத ஏழெட்டுப் பெண்கள் போர்டிங்கிலேயே தங்கிவிடுகிறார்கள். தலைமையாசிரியை ஊரில் இல்லை. சமையல்காரப் பெண்ணும் வாட்ச்மேனும் மட்டும் பொறுப்பில் இருக்கிறார்கள். அப்போது, ‘பொன்னிக்கு அது நேர்ந்தது’. அவ்வளவுதான் எழுதியிருந்தது. வயதுக்கு வந்தாள் என்று எழுதப் பிள்ளைக்கு வெட்கம்.

பொன்னி சமையல்காரியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ‘வீட்டுக்குக் கடுதாசி போடச் சொல்லாதீங்க. தெரிந்தால் பாதை சரியான அன்றைக்கே வண்டி வந்துவிடும். அக்காவை நிறுத்தியது போல என்னையும் நிறுத்திவிடுவார்கள்.’

அக்கா என்றது என் மகள் ராசாத்தியை. வயதுக்கு வந்த அன்று நான்தான் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். எங்கள் வகையறாவில் அதுதான் வழக்கம். அவளும் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சமையல்காரி, பச்சை ஓலைக் குச்சு இல்லாமல் பிள்ளை உட்காரக் கூடாது, அதைத் தாய்மாமன் கட்ட வேண்டும் என்கிறாள். மாமனுக்குத் தெரியவே கூடாதே என்று பொன்னி அழுகிறாள். அப்போது வாட்ச்மேன் ஓலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். ‘என்னைய ஒரே ஒரு வாட்டி மாமான்னு கூப்புடு தாயி. நான் கட்டிப்புடுறேன்’ என்கிறான். பொன்னி, ‘மாமா’ என்று கூப்பிடுகிறாள். அத்தியாயம் இப்படி முடிந்திருந்தது: ‘அன்று முதல் சவரியப்பன் எனக்குக் குச்சு கட்டியவர் ஆனார்.’

பொன்னிக்கு என்று இல்லை, எனக்கு என்றே எழுதியிருந்தாள். தாளை மூடினேன். மீசையைப் பற்றி எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெண் வயதுக்கு வந்து நாலு மாதமாகிறது. நான் கட்ட வேண்டிய குச்சை வேறொருவன் கட்டியிருக்கிறான். என்னைக் கூப்பிட வேண்டிய வாயால் அவனை மாமா என்று கூப்பிட்டிருக்கிறாள். அது ஊருக்கெல்லாம் எழுத்தில் இருக்கிறது. என் தங்கைக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது.

நிமிர்ந்தபோது எதிரில் சொர்ணவல்லி நின்றாள். அவளுக்குப் பின்னால், தூணில் பாதி மறைந்தபடி இன்னொரு பெண். கட்டுமாவடி ஜன்னத் பீவி. அவள்தான் நெத்திலி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

“படிச்சீங்களா மாமா?”

“படிச்சேன்.”

“முழுசாவா?”

“மீசை எறங்குற எடமும் படிச்சேன்.”

சொர்ணவல்லி தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்தவள் முன்னால் வந்தாள்.

“அவ மேல கோவப்படாதீங்க மாமு. மீசைய நான்தான் எழுதச் சொன்னேன். அவ மொதல்ல வேற மாதிரி எழுதியிருந்தா.”

“வேற மாதிரின்னா?”

“இன்னும் மோசமா.”

“ஏய், நீ சும்மா இருடி!” என்றாள் சொர்ணவல்லி.

“பெட்டியக் கட்டி வை” என்றேன்.

“நேத்தே கட்டிட்டேன் மாமா.”

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தேன்.

“நான் வந்துர்றேன் மாமா. வாட்ச்மேன் சவரியப்பன் வேலை போயிராம மட்டும் பாத்துக்கங்க. கமிட்டியில வேற என்னமோ நெனச்சுக்கிட்டு இருக்காங்க. எப்புடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

“எல்லார் பேரையும் மாத்தி எழுதத் தெரிஞ்சிச்சில்ல? அவன் பேர ஏன் மாத்தல?”

“அவருதான் கேட்டாரு. எம்பேரு எந்த எழுத்துலயும் இருந்ததில்ல தாயி, அப்புடியே போட்டுருன்னாரு.”

மணி அடித்தது. உள்ளே போனேன்.

கமிட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். பேசியவர் ஒரு வக்கீல். கும்பகோணத்துக்காரர், சமஸ்தானத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். கெட்டவர் இல்லை. அவர் பெண்ணும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். சுவரோரமாகச் சவரியப்பன் நின்றுகொண்டிருந்தான். ஆவூர்ப் பக்கத்துக் கிழவன். கை கட்டி நின்றானே தவிர, முகத்தில் பயம் இல்லை. தன் பேர் பத்திரிகையில் வந்ததற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று இன்னும் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தான் போலும்.

வக்கீல் தாளைப் பிரித்தார். “நீங்க பெரிய மனுஷர். உங்க எதிரில இதை வாசிக்கவே கஷ்டமா இருக்கு. ‘பொன்னிக்கு அது நேர்ந்தது’. எது நேர்ந்தது? சொல்லலை. அப்புறம் அழறா. வீட்டுக்குச் சொல்லாதேங்கறா. கடைசியில ‘சவரியப்பன் எனக்குக் குச்சு கட்டியவர் ஆனார்’. எங்க பக்கத்துல ஒருத்தியைக் குச்சு கட்டி வச்சான்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். தனியா வீடு பிடிச்சுக் குடிவச்சான்னு அர்த்தம். இதைப் படிச்ச தகப்பன் பெண்ணை இங்க விட்டு வைப்பானா?”

என் காது சுட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி இப்படியொரு வார்த்தை. எழுந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். பிரகதாம்பாள் அம்மாள் குறுக்கிட்டார்.

“அய்யா உட்காருங்க. அந்த வார்த்தைக்கு இந்தப் பக்கத்துல என்ன அர்த்தம்னு நான் சொல்லிட்டேன். இவங்க ஒரு கேள்வி கேக்குறாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.”

வக்கீல் சொன்னார்: “அம்மா சொல்றாங்க, அது வயசுக்கு வந்த பெண்ணுக்குப் போடற பச்சை ஓலைக் குடிசைன்னு. சரி. அதைத் தாய்மாமன்தான் கட்டணுமாமே? அப்போ வாட்ச்மேன் எதுக்குக் கட்டினான்? கட்டினேன்னு அவனே ஒத்துக்கிட்டான். தாய்மாமன் நீங்க வந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததா, தெரியாம நடந்ததா? தெரியாம நடந்ததுன்னா மன்னிக்கணும், எங்க அர்த்தம்தான் நிக்கும். பெண்ணுக்கு டி.சி. கொடுத்துடுவோம். அவனையும் அனுப்பிடுவோம்.”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசற்படியில் சொர்ணவல்லியின் பாவாடை ஓரம் தெரிந்தது.

தெரியாது என்பதுதான் உண்மை. ஊர்க்கூட்டத்தில் முப்பது வருஷமாக முன்னால் உட்கார்கிறவன் நான். பொய் சொல்லி ஒரு வழக்கைத் தீர்த்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொன்ன நிமிஷத்தில் பெண்ணின் பெயர் போய்விடும். தெரியும் என்றால், நான் இருக்கும்போதே எனக்குப் பதில் ஒரு வாட்ச்மேன் மாமன் முறையில் நின்றான் என்று நானே வாயால் ஒப்புக்கொண்டதாகும்.

சவரியப்பன் பக்கம் திரும்பினேன்.

“குச்சுக்கு வாசல் எங்கிட்டு வச்ச?”

“கெழக்கங்க.”

“வெறும் தென்ன ஓலையா?”

“பாலுள்ள மரத்துல ஒரு கெளை வைக்கணுமில்லங்களா? கோயில் பக்கம் போயி ஆலங்கெளை ஒடிச்சாந்தேன். மழை. வழுக்கி விழுந்து முட்டி பேந்துபோச்சு.”

“உள்ள என்ன போட்ட?”

“ஒலக்கைய குறுக்க போட்டுச்சு சமையக்காரி காத்தாயி. வேப்பெல சொருகுனேங்க. ஒம்பதா நாளு பிரிச்சுக் கொளுத்திட்டேன். சாம்பலக்கூட மிதிபடாத எடமாப் பாத்துக் கொட்டுனேங்க.”

நான் கட்டியிருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன். சொல்லப்போனால் மழையில் ஆலங்கிளைக்கு நானே போயிருக்க மாட்டேன், ஆளை அனுப்பியிருப்பேன். இதையெல்லாம் சொர்ணவல்லி எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது. அவன் யார், எந்தச் சாதி என்று கேட்கவேண்டுமென்று தோன்றியது. கேட்டால் பதிலைக் காதில் வாங்கியாக வேண்டும். கேட்கவில்லை.

“வக்கீலய்யா” என்றேன். “பாதை அறுந்து கெடந்துச்சு. என்னால வர முடியல. எங்க பக்கம் மாமன் வர முடியலேன்னா, அவன் சொல்லி இன்னொரு ஆள் நின்னு செய்யிறது உண்டு. இந்தக் குச்சு என் சார்புல கட்டுனது.”

சவரியப்பன் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“நீங்க சொல்லித்தான் செய்தானா?” என்றார் வக்கீல்.

“செஞ்சவனுக்கு மாமன் துண்டு போட்டு மரியாத பண்ணணும். அது பாக்கி. அதுக்குத்தான் இன்னிக்கி வந்தேன்.”

தோள் துண்டை எடுத்துச் சவரியப்பன் கழுத்தில் போட்டேன். கரித்தூள் இருந்தது. பரவாயில்லை. கிழவன் இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டு, “அய்யா… அய்யா…” என்றான். துண்டில்லாத தோளோடு நான் பொது இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

வக்கீல் எழுந்து எனக்குக் கை கூப்பினார். “நான் வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுண்டேன். மன்னிக்கணும்” என்றார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். விஷயம் முடிந்தது என்று நான் கிளம்பப் பார்த்தேன்.

“ஒரு நிமிஷங்க” என்றார் பிரகதாம்பாள் அம்மாள். பேனாவும் பள்ளிக்கூட அச்சுத் தாளும் அவர் கையில் தயாராக இருந்தன. “அப்ப நாலு மாசமா ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பிள்ளை படிக்கட்டும்னு விட்டு வச்சிருக்கீங்க. பெரிய மனசுங்க. அத ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, போன ரெண்டு பிள்ளைங்க வீட்டுக்கும் நான் காட்டிக்கிருவேன். அம்பலம் வீட்டுப் பிள்ளையே ஸ்கூல் பைனல் வரைக்கும் படிக்குதுன்னா, அவங்களுக்குச் சொல்ல வார்த்தை இருக்காது.”

அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு ஒன்றும் இல்லை. என் பொய் அவருக்குத் தெரிந்திருந்தது. அது தமக்குத் தெரியும் என்பதை நான் அறிந்துகொள்ளும்படி அவர் நின்றார். ‘கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன்’ என்று இப்போது நான் சொன்னால், முதலில் சொன்னது விழுந்துவிடும். சவரியப்பன் கழுத்துத் துண்டும் விழுந்துவிடும். சொன்ன சொல்லில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு பழக்கம் இல்லை.

“ஸ்கூல் பைனல்னா இன்னும் எத்தன வருசம்?”

“ரெண்டே வருசந்தாங்க.”

எழுதினேன். ‘என் மருமகள் சொர்ணவல்லி பெரியவளான பிறகும் என் சம்மதத்துடன் இங்கே படிக்கிறாள். ஸ்கூல் பைனல் முடிய இங்கேயே படிப்பாள்.’ கீழே கையெழுத்துப் போட்டேன். கார்டியன் என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுத் தாய்மாமன் என்று எழுதினேன்.

வெளியே வந்தேன். சொர்ணவல்லி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஜன்னத் பீவி அவளைவிடச் சத்தமாக மூக்கை உறிஞ்சினாள்.

“ஒங்கிட்ட எனக்குக் கோவம் இல்லைன்னு நெனச்சுக்கிறாத” என்றேன். “கோடை லீவுக்கு வாரப்ப சீர் செய்யணும். ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ஊருக்கு முன்னாடி மனையில ஒக்காந்து என் கையால மாலை போட்டுக்கணும். அதுல ஒரு கொறையும் இருக்கக் கூடாது.”

“சரிங்க மாமா.” பிறகு தயங்கி, “அதுக்கப்புறம் திரும்பி அனுப்புவீங்கள்ல?” என்றாள்.

“எழுதிக் குடுத்திருக்கேன்ல? போயி பெட்டியப் பிரி.”

இருவரும் ஓடினார்கள். பெண்கள் அப்படி ஓடக் கூடாது. கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன், அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒம்பது நாளும் அவளுக்குச் சோறு யாரு போட்டா?”

“காத்தாயின்னு சமையக்காரி.”

“உளுந்தங்களி கிண்டிக் குடுத்துச்சாமா?”

“அதக் கேக்கலியே.”

“என்னண்ணே நீங்க, வாசல் எங்கிட்டுன்னு கேட்டீங்களாம், இதக் கேக்கலியாக்கும்?” என்று அழுதாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பங்காளிகள் சும்மா விடவில்லை. “மருமகளுக்குக் குச்சு கட்ட ஆள் வச்சுக்கிட்டீகளாமே அம்பலம்?” என்று கோயில் வாசலில் ஒருவன் கேட்டான். “ஆமா, நான் சொல்லித்தான் கட்டுனான். நல்லாக் கட்டுனான். ஒன் வீட்டுக்கும் அனுப்பவா?” என்றேன். அதற்குப் பிறகு நேருக்கு நேர் யாரும் கேட்கவில்லை.

வைகாசியில் சீர் செய்தேன். பதினாறு தட்டு. சவரியப்பனும் காத்தாயியும் வந்திருந்தார்கள். பந்தியில் அவனை எங்கே உட்காரவைப்பது என்று பேச்சு வந்தது. எனக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பரிமாறும்போது ராசாத்தி வந்து, எல்லார் இலையையும் விட்டுவிட்டு அவன் இலைக்கு முதலில் நெய் ஊற்றினாள். ஊற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருந்தால் நியாயம்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. கிளம்புகிற நேரத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். “ஒங்க பிள்ளை போகுதுல்லண்ணே, இதுவும் கூடப் போகட்டும்” என்றான். பிறகு ராசாத்தி தன் மூத்தவளைக் கொண்டுவந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், வண்டியில் ஏற்றினாள். அதற்கு ஏழு வயது. போர்டிங்கில் சேர்ப்பார்களா என்றுகூடத் தெரியாது.

மூன்று பெண்களும் அவர்கள் படுக்கைகளும் போக வண்டியில் எனக்கு இடமில்லை. கீரனூர் வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனேன்.